வெற்றிக்கு எட்டணா

பிரமாதீச வருஷத்து வருகைப் பதிவேடு
என் கையெழுத்தில் இருக்கிறது.
நாகப்பட்டினம் ரயில்வே பட்டறை,
வாசல் குமாஸ்தா குஞ்சிதபாதம்.
சங்கு ஊதி ஐந்து நிமிஷம் கழிந்தால்
கதவைச் சாத்துகிறவன்.
பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை.
ஆனால் அந்த வருஷத்துப் பதினாலு ஆட்டத்தையும்
கோட்டோரம் நின்று பார்த்திருக்கிறேன்;
எலுமிச்சம்பழக் கணக்கு என்னிடம் இருந்தது.

வெற்றிக்கு எட்டணா, சமனுக்கு நாலணா,
தோற்றால் கிடையாது என்று
துரை ஒப்பந்தம் எழுதி
பதினொரு பேரிடமும் ரேகை வாங்கினார்.
காசுக்கு ஆடுகிறவன் கூத்தாடி என்று
காடம்பாடி முழுக்கப் பேச்சு.
கூத்தாடி விடிய விடிய ஆடணும்,
நமக்கு ஒரு மணி நேரம்தானே
என்றான் சம்மட்டி பக்கிரி.

கோல் காத்தவன் அக்கரைப்பேட்டை அஞ்சப்பன்.
வருகிற பந்தை நெஞ்சோடு அணைக்க மாட்டான்,
வலையில் சிக்கிய நண்டைப் போல
அருவருப்போடு தூர எறிவான்.
இடது ஓரத்தில் நாகூர் சேகு மதார்,
வார்ப்புப் பிரிவு.
கேப்டன் ஆபிரகாம் பாய்லருக்குள் உட்கார்ந்து
ஆணி அறைந்த வருஷங்களில்
காது இரண்டும் போனவன்.
விசில் ஊதிய பிறகும் ஓடிக்கொண்டிருப்பான்.
அவன் போட்டதில் நாலு கோல் செல்லவில்லை,
நாலுக்கும் கையைத் தூக்கிக் குதித்தான்.

திருவாரூரில் ஆறு கோல்.
மன்னார்குடியில் மாடு குறுக்கே வந்தும் மூன்று.
மாயவரத்தில் மட்டும் தோல்வி,
அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் கும்பகோணம்.
அரசலாற்றில் செங்காவி வெள்ளம்,
கரையெல்லாம் காதோலை கருகமணி.
சேகு மதார் உதைத்தது கம்பத்துக்கு மேலே போய்
ஆற்றில் விழுந்தது.
இருந்தது ஒரே பந்து.
இரண்டு கட்சியும் நடுவரும் நானும்
கரையோடு ஒரு மைல் ஓடினோம்.
துணி துவைத்த பெண்கள் எழுந்து நின்று சிரித்தார்கள்.
பந்து வாழைமட்டைகளோடு கிழக்கே போயிற்று;
காரைக்காலில் பிரெஞ்சு எல்லைக்குள்
தீர்வை கட்டாமல் நுழைந்திருக்கும்.
ஆட்டம் சமன்.
பந்தின் விலை பதினொரு பேர் சம்பளத்தில் பிடித்தம்.

கோப்பைக்கான ஆட்டம் ஐப்பசியில், தஞ்சாவூரில்.
காலையிலிருந்து அடைமழை.
எதிரே ரிசர்வ் போலீஸ்,
சேறு அவர்கள் பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றியது.
ஆளுக்கு ஒரு கோல். வெளிச்சம் போகிற நேரம்.
அப்போது நீளமாக ஒரு ஊதல்.

போலீஸ் நின்றது. சிலர் கை குலுக்கவும் ஆரம்பித்தார்கள்.
பக்கிரி நிற்கவில்லை.
அது கீழ்ப்பக்கம் போகிற பாசஞ்சர் என்று அவனுக்குத் தெரியும்,
அந்த எஞ்சினின் தொண்டையைப்
போன மாதம்தான் பட்டறையில் சரிசெய்தார்கள்.
பந்தை ஆபிரகாமுக்குத் தள்ளினான்.
ஆபிரகாமுக்கு எந்த ஊதலும் ஒன்றுதான்.

கலெக்டர் ஆபீசார் கொடுத்த வெள்ளிக்கோப்பையை
ராத்திரி வண்டியில் மடி மாற்றி மடி வைத்துக்கொண்டு வந்தோம்.
கொரடாச்சேரி தாண்டி
சேகு மதார் அதை நகத்தால் ஒருதரம் சுண்டினான்.
யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
பித்தளை, என்றான். முலாம் நல்ல முலாம்.
அஞ்சப்பன் அதில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தான்.

சம்பளத் தேதி.
ஆட்டம் வியாழக்கிழமை; ஆகவே
பதினொரு பேருக்கும் அரை நாள் வெட்டு.
அதை எழுதியவனும் நான்தான்.
பக்கிரிக்கு எட்டணா வெற்றி, ஏழணா வெட்டு.
ஆபிரகாமுக்குக் கூலி அதிகம்:
எட்டணா வெற்றி, ஒன்பதணா வெட்டு.

ஆபிரகாம் என் உதட்டைப் பார்த்துக் கணக்கைப் புரிந்துகொண்டு
பெரிதாகச் சிரித்தான்.
பின்னால் நின்ற பக்கிரி
தன் ஓரணாவை ஜன்னல் வழியே திருப்பித் தள்ளினான்.
கேப்டன் பேரில் வரவு வையுங்க.

பதிவேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.
எலுமிச்சம்பழக் கணக்கில் எழுதினேன்.